குதிரையும் பிள்ளை மனசும்: சொல்வதும் உள்ளதும்

சித்திரை முதல் நாள் தேனி அல்லிநகரம் வீரப்ப அய்யனார் கோயிலில் மலையடிவாரம் கொள்ளாத கூட்டம் இருக்கும். அய்யனார் என்றதும் குதிரையையும் சேர்த்து நினைப்பது தென்மாவட்டத்து வழக்கம். ஊர் எல்லையில் மண்குதிரை நிற்கும், ராத்திரியில் சாமி அதில் ஏறி ஊரைச் சுற்றி வருவார் என்று அப்பத்தாமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஊரைக் காக்கிற குதிரை நமக்குப் பழக்கம்தான். இப்போது அதே குதிரை பிள்ளைகளின் மனசையும் குணமாக்கும் என்று ஒரு பேச்சு கைப்பேசி வழியே தேனி வரைக்கும் வந்துவிட்டது. குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு சிறுவன் அழுகிற வீடியோ, பின்னணியில் புல்லாங்குழல், கீழே "மருந்தே தேவையில்லை" என்று ஒரு வரி.

அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, பெங்களூர்ல இருக்காமே, கூட்டிட்டுப் போனா சரியாயிருமா?" என்று கேட்கிற அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளை எழுந்திருக்கும்போது அம்மா வீட்டில் இருக்க மாட்டார். அந்தக் கூலியில் மிச்சம் பிடித்த காசு எங்கே போய்ச் சேரும் என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன். குதிரையைத் துணையாக வைத்து இளையவர்களின் மனநலத்துக்கு உதவுவது உலகத்தில் பல இடங்களில் ஒழுங்காக நடக்கிற வேலை. பெங்களூர், டெல்லி, சென்னை போன்ற நகரங்களில் சில குதிரையேற்றப் பள்ளிகள் சிறப்புக் குழந்தைகளுக்குப் பயிற்சி தருகின்றன. அந்த வேலையில் எனக்கு மரியாதை உண்டு. அதைச் சுற்றி வளர்ந்துவிட்ட கதைகளோடுதான் எனக்குச் சண்டை.

தேவை சின்னதல்ல. பெங்களூர் நிமான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. 40 பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு பத்தாம் வகுப்பில் மூன்று பேர். மனநலக் கோளாறு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சைக்கும் போய்ச் சேரவில்லை என்பதும் அதே கணக்கெடுப்பில் உண்டு. வழி தெரியாமல் நிற்கிற குடும்பத்துக்கு முன்னால் ஒரு குதிரை வந்து நின்றால் நம்பத்தான் தோன்றும்.

"குதிரை ஏத்தினா ஆட்டிசம் போயிரும்"

போகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் வந்து போகிற நோயல்ல. மூளை வளர்கிற விதத்திலேயே உள்ள வேறுபாடு அது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகளில் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது. அதை இல்லாமல் ஆக்குகிறேன் என்று யார் சொன்னாலும், குதிரையைக் காட்டினாலும் லேகியத்தைக் காட்டினாலும், எழுந்து வந்துவிடலாம்.

குதிரையால் நடந்தது என்ன என்று பார்க்க 2015இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு நன்றாக உதவும். கொலராடோவில் ராபின் கேப்ரியல்ஸ் என்ற உளவியலாளரின் குழு, 6 முதல் 16 வயது வரை ஆட்டிசம் உள்ள 127 பேரைச் சேர்த்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்குப் பத்து வாரம் குதிரையேற்றப் பயிற்சி. மறு பாதியும் அதே மாதிரி லாயத்துக்கு வந்தது, அதே பத்து வாரம், குதிரையைப் பற்றிய பாடங்களோடு. ஆனால் அவர்களுக்கு உயிருள்ள குதிரை கிடையாது. நிஜக் குதிரை அளவுக்கு ஒரு பொம்மைக் குதிரையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்தப் பொம்மைக் குதிரையில்தான் ஆய்வின் அறிவு இருக்கிறது. வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளையை வாரம் ஒரு முறை வெளியே கூட்டிப் போனாலே அதன் முகம் மாறும். பெரியவர் ஒருவர் கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டு முழுதாக அதைக் கவனித்தாலே நடத்தை மாறும். அம்மா நம்பிக்கையோடு பார்த்தாலே முன்னேற்றம் தெரிந்த மாதிரி இருக்கும். இவை எல்லாவற்றையும் கழித்த பிறகு குதிரைக்கென்று ஏதாவது மிஞ்சுகிறதா என்பதுதான் கேள்வி. மிஞ்சியது. நிஜக் குதிரையோடு இருந்த பிள்ளைகளுக்கு எரிச்சலும் துறுதுறுப்பும் மற்ற அணியைவிடக் குறைந்தன. பழகும் திறனும் பேசிய சொற்களும் கூடின. இந்த லாபம் உண்மையானது. ஒரு வீட்டில் சாயங்காலத்துச் சண்டை பாதியாகக் குறைந்தால் அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த 127 பேரில் யாருக்கும் ஆட்டிசம் "போய்விட்டது" என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

எல்லா ஆய்வும் இப்படிக் கவனமாக நடந்ததல்ல. மனநலக் கோளாறுகளுக்குக் குதிரை வழிச் சிகிச்சைகள் பற்றி அதுவரை வந்திருந்த 14 ஆய்வுகளை அலசிய ஒரு மதிப்பாய்வு 2014இல் வெளியானது. உளவியலில் பரவியிருக்கும் கட்டுக்கதைகளை உடைப்பதில் பேர்பெற்ற ஸ்காட் லிலியன்ஃபெல்டும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். பலனை உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அந்த ஆய்வுகள் தரமாக இல்லை என்பது அவர்கள் முடிவு. சிலரை மட்டும் வைத்துப் பார்ப்பது, ஒப்பிட இன்னொரு அணி இல்லாமல் இருப்பது, புதுமையால் வரும் உற்சாகத்தைச் சிகிச்சையின் பலனாக எண்ணிக்கொள்வது என்று குறைகள் நிறைய. போர் அதிர்ச்சியிலிருந்து மீள முடியாத 63 முன்னாள் படைவீரர்களை எட்டு வாரம் குதிரைகளோடு பழகவிட்டு கொலம்பியா பல்கலைக்கழகம் செய்த ஆய்வு 2021இல் வந்தது. அவர்களில் பலருக்கு அறிகுறிகள் குறைந்தன. அதிலும் ஒப்பீட்டு அணி இல்லை. ஆகவே "உலகமே நிரூபித்துவிட்டது" என்ற பேச்சும் தப்பு, "எல்லாம் ஏமாற்று" என்பதும் தப்பு. கொஞ்சம் நல்ல சான்று இருக்கிறது, நிறைய அரைகுறைச் சான்று இருக்கிறது. வேறு சிகிச்சையோடு சேர்த்துச் செய்ய அது போதும். வேறு சிகிச்சையை நிறுத்தச் சொல்வதற்கு அது போதவே போதாது.

"மேலே ஏறி உட்காருறதுதான் வைத்தியம்"

இந்த எண்ணத்துக்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. லிஸ் ஹார்ட்டல் என்ற டென்மார்க் பெண்ணுக்கு 1944இல் போலியோ வந்தது. முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்தே இருந்தன. குதிரையில் ஏறவும் இறங்கவும் இன்னொருவர் தூக்கிவிட வேண்டும். அந்த நிலையில் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், ஆண்களோடு பெண்களும் போட்டியிட முதன்முதலாக அனுமதித்த குதிரை நடைப் பயிற்சிப் போட்டியில், வெள்ளிப் பதக்கம் வாங்கினார். 1956இல் மறுபடியும் வெள்ளி. ஐரோப்பாவில் உடற்பயிற்சிச் சிகிச்சை செய்பவர்கள் குதிரையைக் கவனமாகத் திரும்பிப் பார்க்க அவர் ஒரு பெரிய காரணம்.

அவர் கதை உடம்பைப் பற்றியது. குதிரை நடக்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், மேலும் கீழுமாக அசைகிறது. மனிதர் நடக்கும்போது இடுப்பு அசைகிற அதே விதம். அதனால்தான் பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்கு உடல் சமநிலை கிடைக்க இயன்முறை மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். அது ஒரு தனித் துறை.

மனசுக்காக நடக்கிற நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி தரையில்தான் நடக்கும். பிள்ளை சேணத்தில் ஏறாமலே பல வாரம் போகலாம். நடப்பதைக் கிட்டே நின்று பார்த்தால் இப்படி இருக்கும். குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் இருப்பது தெரியாது. ஆகவே இடது தோள்பட்டைப் பக்கமாக, பேசிக்கொண்டே போக வேண்டும். கையை நீட்டித் தலையைத் தொடக் கூடாது. புறங்கையைக் காட்டி நின்றால் அதுவே மோந்து பார்க்கும். அப்புறம் கழுத்தில் ஆரம்பித்து வட்ட வட்டமாகத் தேய்த்துத் தூசியைக் கிளப்ப வேண்டும், பிறகு முடி போகிற வாக்கில் தூரிகையால் இழுக்க வேண்டும். வயிற்றுப் பக்கம் வரும்போது சில குதிரைகள் கூசும். காது பின்னால் மடிந்தால் கையை எடுத்துவிட வேண்டும். குளம்பைத் தூக்க, தோளிலிருந்து காலின் பின்பக்கமாகக் கையை இறக்கிக்கொண்டே வந்து மெதுவாக அழுத்தினால், 400 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு உயிர் தன் காலை நம் கையில் கொடுக்கும். வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூட எழுந்து நிற்கத் தயங்கும் பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு அந்த நிமிடம் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். அவசரப்பட்டால் கால் வராது. பயந்து தயங்கித் தொட்டாலும் வராது.

வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேட்ரிசியா பென்ட்ரி என்ற ஆய்வாளர் இதைத்தான் சோதித்தார். 5 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள், பள்ளி விட்டதும் வாரம் ஒரு முறை ஒன்றரை மணி நேரம் என 11 வாரம். இவர்கள் நோயாளிகள் அல்ல, சாதாரணப் பள்ளிப் பிள்ளைகள். பாதிப் பேருக்கு உடனே நிகழ்ச்சி, மீதிப் பேர் காத்திருக்க வேண்டும். காத்திருந்தவர்களே ஒப்பீட்டு அணி. பிள்ளைகள் வீட்டிலேயே எச்சிலைச் சேகரித்துக் கொடுத்தார்கள். மனஅழுத்தம் கூடும்போது உடம்பில் ஏறுகிற கார்ட்டிசால் ஹார்மோனை அதில் அளந்தார்கள். 2014இல் வெளியான முடிவில், குதிரைகளோடு இருந்தவர்களுக்கு அந்த அளவு மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. "நல்லா இருக்கேன்" என்று பிள்ளை வாயால் சொன்னதை மட்டும் நம்பாமல் உடம்பையும் கேட்டதால் இந்த ஆய்வை நான் பெரிதாக மதிக்கிறேன். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, நீட் என்று மூன்று பூட்டு போட்ட கதவுக்கு முன்னால் நிற்கிற நம் பிள்ளைகளுக்கு, மதிப்பெண் கேட்காத ஒன்றரை மணி நேரம் எவ்வளவு அரிது!

"மனசுல இருக்கிறதைக் குதிரை படிச்சிரும்"

இந்தக் கதை இன்று நேற்றுப் பிறந்ததல்ல. நூறு வருஷத்துக்கு முன்னால் பெர்லினில் வில்ஹெல்ம் வான் ஓஸ்டன் என்ற ஆசிரியரிடம் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லும். நாடே நம்பியது. ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் பொறுமையாகச் சோதித்து 1907இல் விளக்கினார்: கேள்வி கேட்டவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியாது. சரியான எண்ணிக்கை நெருங்கும்போது கேட்டவரின் தலையிலும் தோளிலும் வருகிற, அவருக்கே தெரியாத சின்ன அசைவைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியது. உரிமையாளர் ஏமாற்றவில்லை. அவரும் சேர்ந்தே ஏமாந்திருந்தார்.

ஹான்ஸுக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் அது செய்தது அதைவிடப் பெரிய வித்தை என்பது என் எண்ணம். மனித உடம்பை அவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருக்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 28 குதிரைகளுக்கு மனித முகப் படங்களைக் காட்டினார்கள். கோபமுகத்தைப் பார்த்தபோது இதயத் துடிப்பு சிரித்த முகத்தைவிட வேகமாக ஏறியது, இடது கண்ணால் அதிகம் பார்த்தன. இது 2016இல் வெளியானது. குதிரை வேட்டையாடப்படும் இனம். சுற்றிலும் ஏறத்தாழ எல்லாத் திசையும் தெரிகிற கண், தனித்தனியே திரும்புகிற காது, ஓய்வில் நிமிடத்துக்கு நாற்பதுக்குள் துடித்துக்கொண்டு ஆபத்தென்றால் சட்டென ஏறும் இதயம், எல்லாமே "இவனால் எனக்கு ஆபத்தா?" என்று கேட்பதற்காக அமைந்தவை.

ஆகவே உங்கள் பெண்ணுக்கு யார்மேல் கோபம், எதனால் துக்கம் என்று குதிரைக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவர் தன் ஊகத்தைக் குதிரையின் வாயில் வைத்துப் பேசுகிறார். "பாருங்க, குதிரை விலகிப் போகுது, உங்க பையன் மனசுல பொய் இருக்கு" என்று சொல்கிற பயிற்றுநரை நான் மன்னிக்க மாட்டேன். அந்தக் குதிரை ஈயை விரட்டப் போயிருக்கலாம். குதிரைக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: இந்த உடம்பு இறுக்கமாக இருக்கிறதா, தளர்வாக இருக்கிறதா என்பது. அந்த ஒன்றே பிள்ளைக்குப் பெரிய பாடமாகும். பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தால் குதிரை தலையைத் தூக்கிக்கொள்ளும். மூச்சை விட்டுத் தோளை இறக்கினால் தலை இறங்கும். "நீ பதட்டமா இருக்க" என்று ஆசிரியரோ அம்மாவோ சொன்னால் அது குற்றச்சாட்டு. குதிரை காட்டும்போது அதில் குற்றச்சாட்டு இல்லை, நக்கல் இல்லை, நாளைக்குத் தெருவில் போய் யாரிடமும் சொல்லப் போவதும் இல்லை. அந்த இடைவெளியில் மனநல ஆலோசகர் மெதுவாக ஒரு கேள்வி கேட்கலாம்: "வீட்டுலயும் இப்படித் தோள் ஏறுமா?" சிகிச்சை அந்தக் கேள்வியில் தொடங்குகிறது. குதிரை அதற்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

"நம்ம பக்கம் இல்லாத குதிரையா?"

இருக்கிறது. கொடைக்கானல் ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு நடக்கிற மட்டக்குதிரைகள் இருக்கின்றன. பெரியகுளத்துக்கு மேலே அகமலைப் பக்கத்து மலைக்கிராமங்களுக்குச் சாமான் ஏற்றிப் போகிற பொதிக்குதிரைகள் இருக்கின்றன. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரம் அவற்றின் முதுகில் மலை ஏறுகிற படம் பத்திரிகையில் வந்துவிடும். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு வருகிற வெள்ளைக் குதிரையும் உண்டு. இவற்றில் ஒன்றைப் பிடித்து நிறுத்திப் பிள்ளையை ஏற்றிவிட்டால் போதாதா என்று கேட்கிறார்கள்.

போதாது. பொதிக்குதிரை கரடுமுரடான பாதையில் உறுதியாக நடக்கும், தன் ஆளின் குரலுக்குக் கட்டுப்படும். திடீரென்று கத்துகிற, ஓடி வந்து கட்டிப்பிடிக்கிற, கையை உதறுகிற பிள்ளையை அது பார்த்திருக்காது. ஊர்வலக் குதிரை மேளச் சத்தத்துக்குப் பழகியிருக்கலாம். பழகியதா, பயந்து உறைந்து நிற்கிறதா என்று கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகள் சில நல்ல துணையாக மாறுவதுண்டு, ஆனால் மாதக்கணக்கில் மறுபயிற்சி தேவை. இந்த வேலைக்கு வயதான, நிதானமான, உடம்பில் வலி இல்லாத குதிரை வேண்டும். முதுகில் புண் உள்ள குதிரை எவ்வளவு சாதுவானாலும் ஒரு நாள் உதைக்கும். அதைக் குறை சொல்ல முடியாது.

குதிரையை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளாத பழக்கம் இந்தப் பாண்டிய மண்ணில் பழையது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, மன்னர்கள் வருஷந்தோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைக் கடல் வழியே வாங்குவதையும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் பெரும்பாலானவை அந்த வருஷமே சாவதையும் எழுதிவைத்தார். அந்தப் பழக்கம் இன்னும் தொடரக் கூடாது. சித்திரை வெயிலில் தேனியில் நண்பகல் பயிற்சி வைப்பவரிடம் பிள்ளையை அனுப்பக் கூடாது. நிழல், தண்ணீர், ஓய்வு நாள், லாடம் அடிக்கவும் பல் பார்க்கவும் தவறாமல் வருகிற ஆள், கால்நடை மருத்துவர், இவையெல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். காதை மடித்துக்கொண்டு, வாலை அடித்துக்கொண்டு, பல்லை நறநறக்கும் குதிரை "வேண்டாம்" என்கிறது. அதன் மறுப்பைக் கேட்காத இடத்தில் பிள்ளையின் மறுப்பையும் கேட்க மாட்டார்கள்.

"குதிரைக்காரருக்குத் தெரியாதா?"

குதிரையைப் பற்றித் தெரியும். பிள்ளையைப் பற்றித் தெரியுமா என்பதுதான் விஷயம். ஒழுங்கான நிகழ்ச்சியில் குறைந்தது இரண்டு பேர் இருப்பார்கள்: குதிரையின் காதையும் காலையும் மட்டும் கவனிக்கிற ஒருவர், பிள்ளையை மட்டும் கவனிக்கிற மனநலப் பயிற்சி பெற்ற ஒருவர். 1999இல் அமெரிக்காவில் தொடங்கிய ஈகாலா என்ற அமைப்பு இந்த இரட்டை ஆள் முறையைத்தான் வற்புறுத்துகிறது. பிள்ளை தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியோ, வீட்டில் யாரோ தப்பாகத் தொடுவதைப் பற்றியோ குதிரையைத் தேய்த்துக்கொண்டே வாய் திறக்கலாம். அப்படித் திறக்கிற நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால், திறக்காமலிருந்ததே மேல் என்றாகிவிடும். நம் நாட்டில் மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் கேட்டால் கோபப்படுகிற இடத்தில் நிற்க வேண்டியதில்லை. வார இறுதிப் பயிற்சியில் வாங்கிய சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பது பதிவு ஆகாது.

உடம்புக்கும் சில விலக்குகள் உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தின் மேல் மூட்டு தளர்வாக இருக்கும். மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் அவர்களைக் குதிரையில் ஏற்றவே கூடாது. கட்டுக்குள் வராத வலிப்பு, கடுமையான முதுகெலும்பு வளைவு உள்ளவர்களுக்கும் அப்படியே. ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ உள்ள பிள்ளைக்கு லாயத்துத் தூசியே ஆகாமல் போகலாம். குதிரைச் சாணம் கிடக்கிற இடத்தில் டெட்டனஸ் ஊசி காலாவதியாகியிருக்கக் கூடாது. தலைக்கவசம் இல்லாமல் ஏற்றுகிறவர் வேறு எதைச் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

"இது காசு உள்ளவங்க சமாச்சாரம்"

இது முழுப் பொய்யில்லை. ஒரு குதிரைக்குத் தீனியும் கவனிப்பும் ஆளும் வைத்துப் பராமரிப்பது பெரிய செலவு, அது பயிற்சிக் கட்டணத்தில் தெரியும். பத்து வாரமாவது தொடர்ந்து போக வேண்டும். தேனியிலிருந்து வாராவாரம் பெங்களூர் போய்வருவது ஏலத்தோட்டக் கூலிக்குக் கட்டுப்படியாகாது. ஒரே ஒரு நாள் போய்க் குதிரையைத் தொட்டுப் படம் எடுத்துத் திரும்பினால் அது சுற்றுலா. சந்தோஷமான சுற்றுலா, தப்பில்லை. அதைச் சிகிச்சை என்று எண்ணிக் கடன் வாங்காதீர்கள்.

இதற்குப் பதிலாக, "வீட்டுல கன்னுக்குட்டியைக் கட்டிவிட்டா போதும், எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு இதில் பாதிச் சம்மதம். மலைமாடு மேய்க்கிற குடும்பங்களிலும், ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிற வீடுகளிலும், விடிந்ததும் ஒரு உயிர் தன் கைக்காகக் காத்திருக்கிறது என்ற பொறுப்போடு எழுகிற பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காளைக்குத் தண்ணீர் காட்டும்போது அந்தப் பையனின் முகம் வகுப்பறையில் இருந்த முகம் இல்லை. அந்த நேரத்துக்கு மதிப்புண்டு, அதைப் படிப்பின் பேரால் பிடுங்கக் கூடாது. ஆனால் ராத்திரி தூங்க முடியாமல், சாப்பாட்டைத் தள்ளி வைத்து, "நான் இல்லாமப் போனா என்ன" என்று பேசுகிற பிள்ளைக்குக் கன்றுக்குட்டியும் போதாது, குதிரையும் போதாது.

அங்கேதான் மிகப் பழைய தவறான நம்பிக்கைகள் குறுக்கே வருகின்றன. "வயசுக் கோளாறு, வளர்ந்தா சரியாயிரும்." "காத்து கருப்பு அடிச்சிருச்சு." "வெளியே தெரிஞ்சா பொண்ணைக் கட்டிக் கொடுக்க முடியாது." அய்யனார் கோயிலுக்குப் போங்கள், திருநீறு பூசுங்கள், அது குடும்பத்துக்குத் தைரியம் கொடுக்கும். போய்விட்டு வருகிற வழியிலேயே மருத்துவரையும் பாருங்கள். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மாவட்ட மனநலத் திட்டமும் இதற்காகவே இருக்கிறது. சின்ன வயதிலேயே வளர்ச்சி வேறுபாடு தெரிந்தால், அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து இயங்குகிற மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் பேச்சுப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி பற்றிக் கேட்கலாம். வீட்டிலிருந்து கிளம்பவே முடியாத நேரத்துக்கு 14416 என்ற எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது, தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. பிள்ளைக்கு யாராலாவது ஆபத்து என்றால் 1098.

பார்த்த மருத்துவரோ உளவியலாளரோ "குதிரையோடு கொஞ்ச நாள் பழகட்டும், நல்லது" என்று சொன்னால், கையில் வசதியும் இருந்தால், தாராளமாகப் போங்கள். மருந்தை அவரிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள். பணம் கட்டுமுன், வேறு பிள்ளைகளின் வீட்டார் சம்மதத்தோடு, ஒரு முழுப் பயிற்சியை வேலிக்கு வெளியே உட்கார்ந்து பாருங்கள். பிள்ளை "வேண்டாம்" என்று ஒதுங்கியபோது பயிற்றுநர் என்ன செய்தார், குதிரை ஒதுங்கியபோது என்ன செய்தார், இரண்டையும் கவனியுங்கள். பார்க்க விடமாட்டோம் என்றால் அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் தேனிக்குத் திரும்பிவிடுங்கள்.